கட்டும் கழங்கும்: குறிகேட்டல் மரபில் நேர்ந்த மாற்றம்

1. தோற்றுவாய்

நேர்ந்ததன் காரணம் விளங்காதவிடத்தும், நேரவிருப்பது புலப்படாதவிடத்தும் மக்கள் தம் அறிவிற்குப் புறத்தே உள்ள ஒன்றை வினவித் தெளிய முயல்வர். புள்ளின் குரல், பல்லியின் சொல், அயலார் வாய்மொழி, சிதறிய நெல், உருட்டிய காய், உள்ளங்கை வரி, படம் தீட்டிய சீட்டு என இம்முயற்சிக்குக் கருவியானவை பல. கருவி நாட்டுக்கு நாடு வேறுபடினும் செயலின் அமைப்பு ஒன்றேயாம். முதற்கண் ஒரு வினா எழுகின்றது. பின்னர்ச் சில பொருள்கள் பரப்பப்படுகின்றன. அவை விழுந்த வகையை நோக்கி ஒருவர் பொருள் கூறுகின்றார். கேட்டவர் அப்பொருளைத் தம் வாழ்வொடு பொருத்திக் கொள்கின்றார்.

பழந்தமிழரிடை இச்செயல் கட்டு, கழங்கு என இருவகையாய் நிகழ்ந்தது. 1903இல் ஐங்குறுநூறும் 1915இல் நற்றிணையும் அச்சேறிய பின்னர்ச் சங்ககால வெறியாட்டுப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். வெறியாட்டைப் பேசுமிடத்துக் கட்டையும் கழங்கையும் அதன் முற்பகுதியாகச் சுட்டி மேற்செல்வதே வழக்கம். குறி தேரும் செயலைத் தனியே பிரித்து நோக்கின் நான்கு வினாக்கள் தோன்றும். வினவுவார் யார்? பரப்பப்படுவது யாது? பொருள் கூறுவார் யார்? கூறிய விடை மெய்யா, பொய்யா? இந்நான்கனையும் சங்கப் பாடல் தொடங்கிக் குறவஞ்சி வரை வைத்துக் காணின், விடை பெரும்பாலும் மாறாதிருக்க, அதன் உண்மையே மாறிவந்தது என்னும் விந்தை புலனாகும். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. விரிச்சியும் கட்டும்

கட்டினை ஆராயுமுன் அதனோடு இயைந்த விரிச்சியை அறிதல் வேண்டும். தொல்காப்பியர் விரிச்சியை வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். கட்டையும் கழங்கையும் களவியலுள் செவிலிக்குரிய செய்தியாக வைத்தார். முன்னது புறத்தின்பாற்பட்டது, பின்னவை அகத்தின்பாற்பட்டவை. விரிச்சியில் பொருளைப் பரப்புதல் உண்டெனினும் குறியாவது அப்பொருளன்று. அயலார் தற்செயலாய்ச் சொல்லும் சொல்லே குறியாகும்.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு இதற்குச் சிறந்த சான்று. தலைவன் பாசறைக்கண் உளன். மாலைப்பொழுதில் முதிய மகளிர் ஊரின் காவலைக் கடந்து புறத்தே சென்று, நாழியில் கொணர்ந்த நெல்லையும் முல்லை மலரையும் தூவித் தொழுது நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆயர்மகள் ஒருத்தி, தாயைக் காணாது பசியால் வருந்தும் கன்றை நோக்கி, உன் தாயர் இப்போது வந்துவிடுவர் எனத் தேற்றுகின்றாள். அச்சொல்லைக் கேட்ட முதுமகளிர், தலைவன் வினைமுடித்து வருதல் திண்ணம் எனத் தலைவியிடம் உரைக்கின்றனர்.

இவண் நிகழ்ந்ததை நுணுகி நோக்குதல் வேண்டும். ஆயமகள் கூறியது கன்றைப் பற்றியது. அதனைக் கணவன் வரவாக்கியது கேட்டவரின் உள்ளம். பசுவும் கணவனும் மாலையில் வீடு திரும்புதற்குரியவர். கன்றும் மனைவியும் அவர் வரவை நோக்கி வருந்துவார். இவ்வொப்புமையே சொல்லைக் குறியாக்கிற்று. ஆகவே குறி என்பது பொருளில் இல்லை. வினாவுக்கும் பொருளுக்கும் இடையே கேட்பார் காணும் ஒப்புமையில் உள்ளது எனலாம். அரசன் மீளும் தேரொலியொடு பாட்டு முடிதலின் விரிச்சி ஈண்டு வாய்த்தது. ஆயினும் அதனைக் கேட்ட அப்பொழுதே தலைவியின் கண்ணீர் நின்றுவிடவில்லை என்பதும் புலவர் காட்டும் செய்தியாகும்.

புறநானூற்று 280ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார் இதன் மறுதலையைக் காட்டுகின்றார். புண்பட்ட வீரனின் மனையில் தீநிமித்தங்கள் பல தோன்றுகின்றன. நெல்லும் நீரும் தூவி விரிச்சி கேட்கும் முதியவளின் சொல்லும் நிரம்பவில்லை. முல்லைப்பாட்டில் நிரம்பிய சொல் ஈண்டு நிரம்பாது போகின்றது. ஒரே நெல், ஒரே முதுமை, ஒரே வழிபாடு. பயன் மட்டும் வேறு.

இனிக் கட்டு. நெல்லைப் பரப்பி அதன் நிலை நோக்கிக் காரணம் கூறுதல் கட்டு எனப்படும். இதனைச் செய்பவள் கட்டுவிச்சி. முதுபெண்டு என்றும், தெய்வங்களை அழைத்துப் பாடுதலின் அகவன் மகள் என்றும் இவள் சுட்டப்படுவாள். நற்றிணை 288ஆம் பாட்டு இந்நிகழ்ச்சியைச் சுருங்கக் காட்டும். மகளின் நெற்றி பசந்ததன் காரணம் அறியாத தாய், முதுபெண்டிரைக் கூட்டி நெல்லை முன்வைத்துக் கட்டுக் கேட்க முனைகின்றாள். அந்நெல், தினைப்புனத்தில் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுமோ எனத் தோழி ஐயுறுவாள்போலப் பேசுகின்றாள். வினவுபவள் தாய், நோயுற்றவள் மகள், காரணம் அறிந்தவள் தோழி, பொருள் கூறுபவளோ இவருள் எவர் உள்ளத்தையும் அறியாதவள். இந்நால்வர்க்கும் இடையே ஒரு முறத்து நெல் கிடக்கின்றது. கட்டுப் பற்றிய பாடல்களின் பொருட்சுவையெல்லாம் இந்நிலையினின்றே பிறக்கின்றது.

நெல்லை எவ்வாறு தேர்ந்தனர் என்பதைப் பாடல்கள் விரித்துரைக்கவில்லை. பிற்கால உரைவிளக்கங்களில் ஒரு முறை கூறப்படும். முறத்தில் இட்ட பிடிநெல்லை நான்கு நான்காக எண்ணிக் கழித்து, எஞ்சியவை ஒன்று, இரண்டு, மூன்று என வரின் முருகணங்கு எனவும், நான்காக முடியின் பிறநோய் எனவும் கொள்வர் என்பது அது. இம்முறையைச் சங்ககாலத்திற்கே உரியதாக்குதற்குப் பாடற்சான்று வேண்டும். எனினும் ஒன்று கருதத்தக்கது. நான்கு முடிவுகளுள் மூன்று முருகனையே சுட்டுமாறு அமைந்த முறை அது. வினா எதுவாயினும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே வருமாறு கணக்கு வகுக்கப்பட்டுள்ளது. முருகன் என்னும் விடை பாடல்தோறும் மீள மீள வருதற்கு இத்தகைய அமைப்பே ஒத்த விளக்கமாகும்.

3. கழங்கு: ஆட்டக்காயும் குறிக்காயும்

கழங்கு என்பது கழற்சிக்காய். இது வேலன் கைக்கருவி. இதே கழங்கு மகளிர் ஆடும் விளையாட்டுக்கும் கருவியாயிற்று. வீட்டு முற்றத்து மணலில் சிறுமியர் ஆடும் கழங்கினை நற்றிணை 79ஆம் பாட்டும், பொருநையாற்று வெண்மணலில் மகளிர் பொன்னாற் செய்த கழங்குகொண்டு ஆடுதலைப் புறநானூறு 36ஆம் பாட்டும் குறிப்பிடும். தலைவி சிறுமியாய் இருந்தபோது மணலில் உருட்டி மகிழ்ந்த காயே, அவள் வளர்ந்து காதலுற்றபோது அவள் மறைவை வெளிப்படுத்த வேலன் கையில் உருள்கின்றது. முற்றத்து மணலும் ஒன்றே. ஐங்குறுநூறு 248ஆம் பாட்டில் புதுமணல் பரப்பி அழகுசெய்த முற்றத்திலேதான் வேலன் கழங்கு பார்க்கின்றான்.

ஆட்டக்கருவி குறிக்கருவியாதல் தமிழகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. இக்காலத்தே உலகெங்கும் பரவியுள்ள டாரட் என்னும் 78 சீட்டுகளின் வரலாறு ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. அவை 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்திற்கென்றே தோன்றியவை. 1781இல் பிரான்சு நாட்டு அறிஞர் அந்துவான் கூர் தெ கெபலின் அவற்றைப் பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்று சான்றின்றிக் கூறினார். எத்தெய்யா என்னும் புனைபெயர் கொண்டவர் 1785இல் அச்சீட்டுகளைக் குறிபார்க்கப் பயன்படுத்தும் முறையை நூலாக்கினார். 1910இல் ஆங்கில நாட்டு வெயிட் என்பார் பத்துச் சீட்டுகளைப் பரப்பி, இடந்தோறும் ஒரு பொருள் கொள்ளும் முறையை எழுதி, அதனைப் பழைய கெல்டிய மரபினது என்றார். மைக்கேல் டம்மட்டு என்னும் மெய்ந்நூலறிஞர் 1980இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, அச்சீட்டுகள் ஆட்டத்தினின்றே குறிக்கு வந்தன என்பதை ஐயமற நிறுவிற்று. அங்கு ஆட்டம் முன்னும் குறி பின்னுமாய், இடையே முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. தமிழ்ச் சான்றுகளிலோ ஆட்டமும் குறியும் ஒரே காலத்தில் ஒரே முற்றத்தில் அருகருகே காணப்படுகின்றன. ஆகலின் ஈண்டு எது முந்தியது என்று துணிதற்கு இடமில்லை. ஆயினும் இரண்டிடத்தும் விளங்கும் உண்மை ஒன்றே: காய்க்கோ சீட்டுக்கோ தன்னளவில் குறிப்பொருள் இல்லை, கேட்கப்படும் வினாவே அதனைக் குறியாக்குகின்றது.

கழங்கு கேட்கும் பாடல்களுள் தனித்து நோக்கத்தக்கது அகநானூறு 195ஆம் பாட்டாகும். மகள் காதலனுடன் அரிய சுரத்தைக் கடந்து சென்றுவிட்டாள். இருவரும் மீள்வர் என்னும் செய்தி வந்துள்ளது. காதலனின் தாய் தன் மனையைப் புனைந்து மணற் பரப்பி வரவேற்க ஆயத்தமாகின்றாள். மகளைப் பெற்ற தாயோ வேலனை நோக்குகின்றாள். அவன் கையில் பல தலைகளையுடைய வளைந்த கோல். அதில் தொங்கும் சிறிய பை. வருவது அறியும் முதுமை. அவனிடம் அவள் கேட்கும் வினா ஒன்றே: அவ்விளைஞன் என் மகளை முதற்கண் எம்மனைக்குக் கொணர்வானோ, தன்மனைக்கே கொண்டு செல்வானோ? உன் கழங்கின் திட்பம் யாது?

வெறிப்பாடல்களில் வரும் தாயர் எல்லாரும் மகளின் நோய்க்குக் காரணம் கேட்பர். இத்தாய் அவ்வாறு கேட்கவில்லை. காரணம் இவளுக்குத் தெரியும். காதலை மறுக்கும் எண்ணமும் இவளிடம் இல்லை. இவள் கேட்பது இனி நிகழ்வது பற்றியது. அதுவும் மகளுக்காகவன்று, தனக்காக. பெற்றவளுக்கு எஞ்சிய உரிமை இத்துணையே. மணம் நிகழ்வது உறுதி. முதலில் யார் வீட்டில் என்பதே கேள்வி. ஒருத்தி தன் வாழ்வின் துயர்க்குத் தானே குறி கேட்கும் நிலை சங்கப் பாடல்களில் இவ்வளவு தெளிவாகப் பிறிதோரிடத்தில் அரிது. வேலன் கூறிய விடையைப் பாட்டு நமக்குச் சொல்லவில்லை. வினாவோடு பாட்டு நின்றுவிடுகின்றது. அவ்வாறு நிற்றலே பொருத்தமும் ஆகும். ஏனெனின் அத்தாய்க்கு ஆறுதல் தருவது விடையன்று, கேட்பதற்கு ஒருவன் இருத்தலே.

4. பொய்யாத கழங்கும் பிழைக்கும் வேலனும்

கட்டும் கழங்கும் தரும் விடை பெரும்பாலும் முருகணங்கு என்பதே. பாடல்களில் தலைவிக்கு நோய் தந்தவனோ முருகனல்லன், மலைநாட்டுத் தலைவன். ஆதலின் விடை பொய்யாகின்றது. இதனைக் கொண்டு, சங்கப் புலவர் குறியில் நம்பிக்கையற்றவர் எனவும், அதனை எள்ளி நகையாடினர் எனவும் ஒரு முடிபு கூறப்படுவதுண்டு. சான்றுகளை முழுமையாக நோக்கின் இம்முடிபு நில்லாது.

ஐங்குறுநூற்றின் வெறிப்பத்து, 241 முதல் 250 வரையுள்ள கபிலர் பாடல்கள், இவ்வகையில் உற்றுநோக்கத் தக்கது. 245ஆம் பாட்டில் வேலன் பொய்யாத மரபினன் என்றே சுட்டப்படுகின்றான். அவன் கழங்கால் மெய்ம்மை கண்டு முருகு என மொழிவானாயின், அஃது இவளை வருத்தியவனுக்குத் தகுமோ என்று தோழி வினவுகின்றாள். 250ஆம் பாட்டில் தோழி வேலனை விடுத்துக் கழங்கையே விளித்துப் பேசுகின்றாள். அக்கழங்கினைப் பொய்யறியாதது எனச் சிறப்பித்து, இவளை அணங்கியவன் முருகனல்லன், எம் மலைக் காட்டிற்கு உரிய தலைவனே என்பதே மெய் என்று அதனிடம் உரைக்கின்றாள். இச்சிறப்பு இகழ்ச்சிக் குறிப்பு எனக் கொள்வாரும் உளராவர். அங்ஙனம் கொள்ளினும் ஒன்று எஞ்சி நிற்கும். தோழி கழங்கைத் தூக்கி எறியவில்லை; அதனிடம் உண்மையைச் சொல்லி ஒப்படைக்கின்றாள்.

வெறிபாடிய காமக்கண்ணியார் இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகின்றார். அகநானூறு 98ஆம் பாட்டில், பிரப்பரிசியைப் பரப்பி முருகனே அணங்கினான் எனக் கூறிய மகளிரை அவர் பொய்யில் வல்லவர் என்கின்றார். கபிலர் கருவியைப் பொய்யாதது என்றார். காமக்கண்ணியார் பொருள் கூறினாரைப் பொய்யர் என்றார். இரண்டும் முரணல்ல. நெல்லும் கழங்கும் விழுந்தவாறு விழுந்தன, அதில் பொய்யில்லை. அவற்றுக்குப் பொருள் கூறியவர் தாம் முன்னரே அறிந்த ஒரு பெயரை அதில் கண்டனர்; பிழை அங்கே நுழைந்தது. சங்கப் புலவர் மறுத்தது குறியையன்று. குறிக்குப் பொருள் கொண்ட முறையை என்பதே இவற்றாற் பெறப்படும்.

இப்பிழையால் விளையும் தீங்கு சிறிதன்று. அதே 98ஆம் பாட்டில் தலைவி தன் அச்சத்தைக் கூறுகின்றாள். வெறியாட்டு நிகழ்ந்து நோய் தணியாவிடின் அலர் பெருகும். தணிந்துவிடினோ அதனினும் கொடுமை. இவள் நோய் தன்னால் வந்ததன்று, பிறிதொன்றால் வந்தது எனத் தலைவன் கேட்பானாயின் அவள் உயிர்வாழ்தல் அரிது. தவறாகக் கூறப்பட்ட ஒரு குறி, ஒருத்தியின் காதலையே இல்லாததாக்கிவிடும் என்பது கருத்து. பரப்பிய அரிசியின் முன்னே அவளது கற்பே வழக்கிடப்படுகின்றது; அவளிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை.

அகநானூறு 22ஆம் பாட்டு இதே புலவர் பாடிய மற்றொரு நிலை. முதுபெண்டிர் சொற்படி வெறி நிகழ்கின்றது. அன்றிரவே தலைவன் காவலைக் கடந்து மறைவில் வந்து தலைவியைக் கூடுகின்றான். நோய் தீர்கின்றது. தன் செயலாலேயே நோய் தீர்ந்தது என்னும்படி நின்ற வேலனின் வீண் வருத்தத்தை எண்ணித் தலைவி நகைக்கின்றாள். குறி பொய், தீர்வு மெய், இரண்டிற்கும் தொடர்பில்லை. ஆயினும் காண்பார்க்குக் குறி பலித்ததாகவே தோன்றும். குறிகள் தலைமுறைதோறும் நம்பப்படுதற்குரிய காரணத்தை இப்பாட்டு ஒரு நகைப்பில் அடக்கிக் காட்டுகின்றது.

இங்ஙனமாயின் கட்டும் கழங்கும் அகப்பொருளில் ஆற்றும் பணி யாது? அவை உண்மை கூறுதற்கு அமையவில்லை. உண்மையைக் கூறுதற்கு ஓர் அமயம் தருகின்றன. ஔவையார் பாடிய குறுந்தொகை 23ஆம் பாட்டில், சங்குமணி கோத்தாற்போன்ற வெண்கூந்தலையுடைய அகவன் மகள் மலைகள் பலவற்றைப் பாடி வருகின்றாள். அவருடைய நெடிய நல்ல குன்றத்தைப் பாடிய பாட்டை மீண்டும் பாடுக எனத் தோழி இடைமறிக்கின்றாள். யாருடைய குன்றம் என்னும் ஐயம் தாயர் உள்ளத்தில் எழும்; அதுவே தோழி வேண்டியது. நெல் சொல்லாததைத் தோழி ஒரு சொல்லால் சொல்லிவிட்டாள். குறுந்தொகை 362ஆம் பாட்டிலும், முருகு அயர வந்த வேலனிடம் சினவாதே எனப் பணிந்து, இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் நீ இடும் பலியை உண்ணுமோ என்று தோழி வினவுகின்றாள். அறத்தொடு நிற்றல் என்னும் துறைக்குக் கட்டும் கழங்கும் இடம் அமைத்துத் தருகின்றன. ஒருவரையும் பழியாது, கேட்டவர் மனம் புண்படாது, சொல்லற்கரியதைச் சொல்லுதற்கு அவ்விடமே தக்கது.

5. விடை மெய்யான காலம்

கோவை நூல்கள் இம்மரபை வழுவாது போற்றின. திருக்கோவையாரில் வரைபொருட் பிரிதலின்கண் கட்டுவைப்பித்தல், கலக்கமுற்று நிற்றல், கட்டுவித்தி கூறல், வேலனை அழைத்தல் எனத் துறைகள் வரிசையாய் அமைந்து, அறத்தொடு நிற்றலில் சென்று முடியும். கட்டுவித்தி கூறும் பாட்டில் குறிதேரும் முறை ஒன்று தெளிவாகக் காட்டப்படுகின்றது. பரப்பிய நெல்லில் அவள் ஒன்றன்பின் ஒன்றாக வடிவங்களைச் சுட்டுகின்றாள்: மயில் இது, கோழிக்கொடி இது, சூரனைத் தடிந்த வேல் இது, அவன் வடிவமே இது. ஈண்டு எண்ணிக்கை இல்லை; உருவங்களே உள்ளன. நெல்லில் உறுப்புகளைக் கண்டு, உறுப்புகளால் முழுதைத் துணியும் நெறி இது. விடை பழைய விடையே, முருகன். தலைவன் மனிதனாதலின் அது பழைய பொய்யும் ஆகும்.

பல்லவர் காலத்துத் திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலிலோ நிலை வேறு. தலைவி தன் நோயைத் தானே உரைக்கின்றாள். தாய் பல செய்து பார்த்தாள், சாத்தனுக்கும் நேர்ந்து கொண்டாள், நோய் தீரவில்லை. அறிவில் மூத்த மகளிர் கட்டுப் பார்க்குமாறு கூற, அதனைக் கேட்ட கட்டுவிச்சி வருகின்றாள், சுளகில் சில நெல்லை எறிகின்றாள், வியர்க்கின்றாள், நடுங்குகின்றாள், மெய்சிலிர்க்கின்றாள். பின்னர் ஆயிரம் பேருடையான் என்கின்றாள், கரிய மேனியைக் காட்டுகின்றாள், கையில் வலம்புரி உண்டென்கின்றாள், துழாய்மாலையைக் கூறுகின்றாள். மேனி, சங்கு, மாலை என அடையாளங்களை ஒவ்வொன்றாய்ச் சுட்டும் இம்முறையும் திருக்கோவையார் முறையும் ஒன்றேயாம். மயிலும் வேலும் இருந்த இடத்தில் சங்கும் துழாயும் வந்தன. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. கட்டுவிச்சி கூறிய விடை ஈண்டு முற்றிலும் மெய். தலைவியின் நோய்க்குக் காரணமானவன் அவளே கூறும் அத்திருமால்தான்.

சங்ககாலக் கட்டுவிச்சி ஒரு தெய்வத்தின் பெயரைச் சொன்னாள், பொய்யாயிற்று. திருமடற் கட்டுவிச்சியும் ஒரு தெய்வத்தின் பெயரைச் சொன்னாள், மெய்யாயிற்று. கட்டுவிச்சி அறிவில் வளர்ந்துவிடவில்லை. காதலன் இருந்த இடத்தில் கடவுள் வந்தமர்ந்தான். விடை இருந்தபடியே இருக்க, உண்மை நகர்ந்து அதன் அருகே வந்துவிட்டது.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று என்பதற்கு நம்மாழ்வாரின் திருவாய்மொழி சான்று. நான்காம் பத்தின் ஆறாம் திருமொழியில் தோழி பழைய முறையிலேயே வெறி விலக்குகின்றாள். கள்ளும் ஊனும் இட்டுச் சிறுதெய்வம் பேணாதீர்; பாரதப் போரில் தேர் செலுத்தியவனால் வந்த நோய் இது; அவன் அடியார் திருவடித்துகளே மருந்து என்கின்றாள். ஈண்டுக் குறியாளர் கூற்று இன்னும் பொய்யே. ஆனால் அவர் கூறிய தெய்வத்துக்கு மாறாகத் தோழி கூறுவதும் மனிதனையன்று, மற்றொரு தெய்வத்தையே. சங்கப்பாட்டுக்கும் திருமடலுக்கும் இடைப்பட்ட பொருள்நிலையை இது காட்டும். கால முறையால் இவை இவ்வரிசையில் தோன்றின எனக் கூறுவதன்று நம் கருத்து. பொருள்நிலையால் இவை மூன்று படிகள் என்பதே.

6. குறவஞ்சி: தலைவியே கேட்டல்

குறத்தி கூற்றாகவே அமையும் குறம் என்னும் சிறுநூல் வகைக்கு 17ஆம் நூற்றாண்டுக் குமரகுருபரர் இயற்றிய மீனாட்சியம்மை குறம் எடுத்துக்காட்டு. இது குறவஞ்சி நாடகமாக விரிந்த நிலையைத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் காணலாம். இதில் நான்கு வினாக்களுக்கும் விடை மாறியிருத்தல் கண்கூடு.

முதலாவது, வினவுவாள் மாறினாள். செவிலியும் நற்றாயும் நின்ற இடத்தில் வசந்தவல்லி தானே நிற்கின்றாள். நோயுற்றவளும் கேட்பவளும் ஒருத்தியே. இரண்டாவது, பரப்பப்படுவது மாறிற்று. தரையை மெழுகிக் கோலமிட்டுப் பிள்ளையாரை வைக்கச் சொல்லும் சிங்கி, இறுதியில் நோக்குவது தலைவியின் கையை. புறத்தே இருந்த முறத்து நெல் உடலின் வரியாயிற்று. மூன்றாவது, வினாவே மாறிற்று. காதல் யார்மேல் என்பது வசந்தவல்லிக்குத் தெரியும். அவள் தோழி தூதும் சென்றாள். காரணம் வேண்டியதில்லை, கூடுவாரோ என்பதே வேண்டியது. அகநானூற்றுத் தாய் ஒருத்தி கழங்கிடம் கேட்ட எதிர்கால வினா, பல நூற்றாண்டுகள் கழித்து மகளின் வினாவாகத் திரும்பி வந்தது எனலாம். நான்காவது, குறி கூறுபவள் உயர்ந்தாள். சிங்கி மலைவளமும் நாட்டுவளமும் தன் குலப்பெருமையும் பாடித் தலைவிக்கு நிகராக நின்று பேசுகின்றாள். தலைவி மறுத்துரைத்து அவளைச் சோதிப்பதும், அவள் விடாது நின்று திரிகூடநாதர் பெயரைக் கூறுவதும் நாடகச் சுவையின் உயிர்.

சங்கத்து முதுபெண்டு கேலிக்குரியவள். குறவஞ்சிச் சிங்கி போற்றப்படுபவள். இவ்வேற்றத்திற்கு மேலே கூறிய மாற்றமே அடிப்படை. பாட்டுடைத் தலைவன் ஊரறிந்த இறைவனாயிருக்க, அவன் பெயரைக் கூறுதல் எவர்க்கும் அரிதன்று. குறி தவறுதற்கு இடமே இல்லை.

இவ்வாறு பெற்றது ஒன்றெனின் இழந்ததும் ஒன்றுண்டு. குறி பொய்த்த காலத்தில் தோழி தேவைப்பட்டாள். ஊரும் தாயும் முதியோரும் வேலனும் ஒரு பெயரைச் சொல்ல, அவள் ஒருத்தி அதனை மறுத்து நின்று, தன் தோழியின் உள்ளத்து உண்மையைக் கூறினாள். அறத்தொடு நிற்றல் என்னும் பெயரின் பெருமை அதுவே. குறி மெய்யான பின் அவளுக்கு அப்பணி இல்லை. குறவஞ்சியில் அவள் தூது செல்பவளாகக் குறைந்தாள்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. கட்டும் கழங்கும் முதற்கண் குடும்பம் தன் மகளைப் பற்றிக் கேட்ட வினாக்கள். காலப்போக்கில் தனியொருத்தி தன்னைப் பற்றிக் கேட்கும் வினாவாயின. நிகழ்ந்ததன் காரணம் கேட்ட நிலை, நிகழவிருப்பது கேட்கும் நிலையாயிற்று. விடை தொடக்க முதலே ஒரு தெய்வத்தின் பெயர். காதலன் மனிதனாயிருந்தவரை அது பொய்த்தது. அவன் இறைவனான பின் மெய்த்தது. சங்கப் புலவர் மறுத்தது குறிக்கருவியையன்று. முன்னரே கொண்ட விடையைக் கருவியின்மேல் ஏற்றும் செயலையே.

இம்முடிபு இலக்கியம் கற்பார்க்கும் ஒரு பாடமாகும். பழைய நூல்கள் நம் முன் பரப்பிக் கிடக்கும் நெல் போல்வன. அவற்றின்கண் மயிலையும் வேலையும் காண்பது எளிது. நாம் விரும்பும் கொள்கையையும், நம் குலத்தின் பழமையையும், நம் சமயத்தின் மேன்மையையும் காண்பது அதனினும் எளிது. எஞ்சிய நான்கு நெல்லுள் மூன்று நம் பக்கமே விழுமாறு கணக்கை வகுத்துக்கொண்டால் விடை என்றும் நமக்கு இசைந்ததாகவே வரும். கபிலரின் தோழி கழங்கு பொய்யாது என்று ஒப்புக்கொண்டே, அதற்குக் கூறப்பட்ட பொருளை மறுத்தாள். நூலைப் போற்றுதலும் அதன்மேல் ஏற்றிய பொருளை ஆராய்ந்து மறுத்தலும் ஒருங்கே இயலும் என்பதை அவள் காட்டியுள்ளாள். ஆய்வாளர்க்கு அவள் நின்ற இடமே தக்க இடம்.